கைக்குட்டையைச் சுட்ட டார்ச்

லோதி ரோடு, புது தில்லி
9 அக்டோபர் 2023

அண்ணாவுக்கு,

சாந்தா எழுதுகிறேன். இங்கே நானும் அவரும் ஸ்நேஹாவும் சௌக்கியம். கோயமுத்தூரில் நீங்கள் சௌக்கியமா என்று கேட்கப் போன் செய்தால் ஒவ்வொரு தடவையும் அண்ணிதான் எடுக்கிறார். எடுத்து, "உங்கண்ணன் குளிச்சிட்டிருக்காரு அம்மிணி" என்கிறார். ஒரு வாரமாக ஒரு மனுஷர் விடாமல் குளித்தால் ஊருக்கே தண்ணீர்ப் பஞ்சம் வந்துவிடும். அதனால்தான் கடிதம். இதை ஈரக் கையோடும் படிக்கலாம்.

உங்கள் கோபம் எதற்கென்று எனக்குத் தெரியும். ஆனால் நடந்ததை நீங்கள் பாதிதான் கேட்டிருக்கிறீர்கள்.

எங்கள் ஆபீஸில் கிணறு கிணறாகப் போய் நீர்மட்டம் அளக்கிற ஊழியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தினமும் பையில் வைத்துக்கொள்ள சின்னதாக, சார்ஜ் செய்கிற டார்ச் வேண்டும் என்று டெண்டர் போட்டோம். தேர்வு செய்ய மூன்று பேர் கமிட்டி. கல்யாணராமன் சார், ஜெயராம், நான். யார் யார் சாம்பிள் அனுப்புகிறார்கள் என்று பார்த்தபோது 'நல்லசிவம் லைட்ஸ், கணபதி, கோயமுத்தூர்' என்று இருந்தது. விற்கிறவர் என் அண்ணன், இந்தத் தேர்வில் நான் இருக்கக் கூடாது என்று அன்றே நோட் டைப் செய்து வைத்தேன். கொடுக்கப் போன நேரத்தில்தான் உங்கள் போன் வந்தது.

அறிவிப்பில் விவரம் கேட்பதற்கென்று போட்டிருந்த நம்பர் கல்யாணராமன் சாருடையது. நீங்கள் சார்ஜர் வயரைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டு, வைக்கப் போகிற நேரத்தில், "உங்க ஆபீஸ்ல சாந்தகுமாரின்னு இருக்காங்களே, என் கூடப் பொறந்த தங்கச்சிதானுங்க. நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க" என்று சொன்னீர்கள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் எதிரில் அந்த நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். ஜெயராம் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

நீங்கள் சிபாரிசுக்காகச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். நம் பக்கத்தில் துணிக்கடைக்குப் போனால்கூட இன்னாருடைய தங்கை என்றுதான் பேச்சைத் தொடங்குவோம். அது மரியாதை. இங்கே அதற்கு வேறு பெயர். நான் நோட்டைக் கொடுத்தேன், சார் கையெழுத்துப் போட்டார், நான் கமிட்டியில் இல்லை. யாரும் என்னை வெளியே அனுப்பவில்லை. நானாகத்தான் வந்தேன். இதில் உங்களுக்குத் தலைகுனிவு எங்கே இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

ஆடிப் பதினெட்டுக்கு நான் ஊருக்கு வந்தபோது பச்சைச் சீலையோடு ஒரு டார்ச்சும் கொடுத்தீர்கள். அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். முடிவு வரும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். கேட்காதீர்கள்.

சாந்தா


கணபதி, கோயமுத்தூர்
18 அக்டோபர் 2023

அம்மிணி சாந்தாவுக்கு,

உன் கடிதம் வந்தது. குளித்துவிட்டுத்தான் படித்தேன்.

உன்னிடம் நான் ஆர்டர் கேட்டேனா? என்றைக்காவது கேட்டேனா? தங்கச்சி அங்கே பெரிய உத்தியோகத்தில் இருக்கிறாள் என்று வாய் நிறையச் சொன்னேன், அவ்வளவுதான். அண்ணன் பேரைக் கேட்டதும் தீப்பட்ட மாதிரி எழுந்து ஓடியிருக்கிறாய். நீ இல்லாத கமிட்டியில் என் டார்ச்சை யார் பார்க்கப் போகிறார்கள்? பளபளவென்று பெட்டியில் வருகிற வெளிநாட்டுச் சரக்கைத் தூக்கிக் கொஞ்சுவார்கள்.

நீ பூட்டி வைத்திருக்கிற பொருள் என்னவென்று தெரிந்துகொள். உள்ளே இருக்கிற பேட்டரியும் எல்.இ.டி.யும் வாங்கினது. மற்றதெல்லாம் என் லேத்தில் கடைந்தது. நீளம் என் நடுவிரல். நம் மொட்டை மாடியில் நின்று அடித்தால், அடுத்த தெருத் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் உட்கார்ந்திருக்கிற காக்கா முழித்துக்கொள்ளும். மோட்டார் கம்பெனியில் ஃபோர்மேன் நாற்காலியை விட்டுவிட்டு இரண்டு லேத்தோடு உட்கார்ந்தபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் என்னை எப்படிப் பார்த்தார்கள் என்று உனக்குத் தெரியும். இந்த டார்ச் நிற்கவில்லை என்றால் நான் பழைய கம்பெனிக்கே திரும்ப வேண்டும். அங்கே இப்போது ஃபோர்மேன் யார் தெரியுமா? அந்தோணி. நான் வேலை சொல்லிக்கொடுத்த பையன். நல்லவன்தான். ஆனால் அவன் முன்னால் போய் நிற்க என்னால் முடியாது.

இங்கே பார்க்கிறவர்கள் எல்லாரும் நல்லாருக்கு என்கிறார்கள். அதை வைத்து நான் என்ன செய்வது? என் கல்யாணத்தில் கோட்டுப் போட்டு நின்றபோது ஊரே, ராஜா மாதிரி இருக்கிறான் என்றது. நீ ஒருத்திதான் கிட்டே வந்து, "பேண்டு வாசிக்கிறவர் மாதிரி இருக்கீங்கண்ணா" என்றாய். போட்டோவில் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறேன். அன்றையிலிருந்து நீ சொன்னால்தான் எனக்கு நம்பிக்கை.

ஆர்டர் போகட்டும். எனக்கு ஒரே ஒரு வார்த்தை சொல். நல்லாருக்கா, இல்லையா?

நல்லசிவம்


லோதி ரோடு
14 நவம்பர் 2023

அண்ணாவுக்கு,

தீபாவளிக்கு அண்ணி அனுப்பிய ஓலைப்பக்கோடா வந்தது. பாதிக்கு மேல் ஸ்நேஹாவே தீர்த்துவிட்டாள். உங்கள் கடிதத்தை அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டி முடிக்க ஒரு சாயங்காலம் ஆனது. முடித்துவிட்டு, "மாமா நம்மளை சௌக்கியமான்னு ஒரு லைன்கூட கேட்கலையே, டார்ச் மட்டும்தான் இருக்கு" என்றாள். எங்கள் குடும்பத்தில் அதற்கு அர்த்தம் சௌக்கியம்தான் என்று சொன்னேன்.

இங்கே காற்று கெட்டுக் கிடக்கிறது. தொண்டை எரிகிறது. ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ஆபீஸிலிருந்து வீட்டுக்கு நடந்துதான் வருகிறேன். காலனிக்குள் திரும்புகிற சந்தில் விளக்குக் கம்பம் இருக்கிறது, விளக்கு எரிவதில்லை. புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இதற்கு மேல் இருட்டைப் பற்றி எழுதினால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நிறுத்திக்கொள்கிறேன். முடிவு இன்னும் வரவில்லை.

சாந்தா


கணபதி
15 டிசம்பர் 2023

சாந்தாவுக்கு,

முடிவு வந்துவிட்டது. உனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். வந்த டார்ச் ஒன்றுகூடத் தேறவில்லையாம், டெண்டரையே ரத்து செய்துவிட்டார்கள். என் டார்ச்சுக்கு எழுதியிருக்கிற காரணம் இது: பைக்குள் வைத்திருக்கும்போது சுவிட்ச் தானாக அமுங்கி எரிகிறது, சூடாகிறது, தினமும் கொண்டுபோக ஏற்றதல்ல.

படித்துவிட்டு லேத்தை நிறுத்திவிட்டேன். என் டார்ச் பத்துப் பேர் கையில் இருக்கிறது. ஆண்கள் எல்லாரும் சட்டைப்பையில் செருகி வைத்துக்கொள்கிறார்கள். யாருக்கும் இப்படி ஆனதில்லை. ஆடியிலிருந்து நீதான் கைப்பையில் போட்டுக்கொண்டு அலைந்தாய்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். இது உனக்கு முன்னாலேயே தெரியுமா?

தெரியும் என்றால், கடைசித் தேதிக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சுவிட்சை உள்ளே இறக்கி வேறு சாம்பிள் அனுப்பியிருப்பேன். ஒரு நாள் வேலை.

நல்லசிவம்


லோதி ரோடு
7 ஜனவரி 2024

அண்ணாவுக்கு,

தெரியும்.

மூன்று வாரமாக உங்களுக்குப் பதில் எழுதாமல் இருந்ததும் வேண்டுமென்றேதான். டெண்டர் ரத்தான மறுநாள் அலமாரியைத் திறந்து டார்ச்சை எடுத்தேன். அன்றையிலிருந்து தினமும் அது என்னோடு வந்தது. இப்போது நான் கமிட்டிக்காரி இல்லை, டார்ச் வைத்திருக்கிற ஒரு பெண்பிள்ளை. அந்த உரிமையில் எழுதுகிறேன். எழுதுவதையெல்லாம் ஆபீஸிலும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன், மறுபடி டெண்டர் வந்தால் அறிவிப்பிலேயே எல்லாருக்கும் தெரியட்டும் என்று. அண்ணனுக்கு மட்டும் தனியாகச் சொன்னேன் என்ற பேச்சு வரக் கூடாது.

முதலில் பை. செப்டம்பர் கடைசியில் ஒரு நாள், ஸ்நேஹாவின் பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்று புசா ரோடுக்குப் பஸ்ஸில் போனேன். பையில் பர்ஸ், சாவிக்கொத்து, கைக்குட்டை, உங்கள் டார்ச். பக்கத்து சீட்டு அம்மாள் திடீரென்று எழுந்து, "பஹன்ஜி, உங்கள் பை சுடுகிறது" என்றாள். திறந்தால் உள்ளே பட்டப்பகலாக எரிகிறது. வெளிச்சத்தின் வாயில் கைக்குட்டை ஒட்டிப் புகைந்துகொண்டிருந்தது. கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தி என்னை இறக்கிவிட்டார். நடுத்தெருவில் பையை உதறிக்கொண்டு நின்றேன். சாவிக்கொத்து சுவிட்சை அமுக்கியிருக்கிறது. கைக்குட்டையை இதோடு வைத்திருக்கிறேன். ஓட்டை வழியாக என் விரல் போகிறது.

அப்போது டெண்டர் திறந்திருந்தது. கடைசித் தேதிக்கு நாள் இருந்தது. அன்று சாயங்காலம் உங்கள் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு அழுதேன், அண்ணா. அழுதுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். நான் சொல்லி நீங்கள் மாற்றி அனுப்பியிருந்தால் ஆர்டர் வந்திருக்கலாம். பிறகு அந்த டார்ச்சைப் பார்க்கும் போதெல்லாம் அதை யார் ஜெயிக்க வைத்தது என்று எனக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒருநாள் இல்லை ஒருநாள் உங்களுக்கே அது பிடிக்காமல் போயிருக்கும்.

சாம்பிள்களைச் சோதித்த அன்று பேஸ்மெண்டில் பழைய ஃபைல் அறையை இருட்டாக்கினார்கள். நான் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். கதவிடுக்கில் ஒவ்வொரு வெளிச்சமாக வந்து போயிற்று. உங்களுடையது வந்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே ஜனவரியில் பனி இறங்குகிறது. எதிரில் வருகிற ஆளின் மூக்கு வந்து இடித்தால்தான் ஆள் வருவது தெரியும். காலையில் பால் வாங்கப் போகும்போது உங்கள் டார்ச்சை அடித்தேன். முகத்துக்கு முன்னால் வெள்ளைத் துணியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி ஆகிவிட்டது. வெளிச்சம் முழுக்கப் பனியில் பட்டு என் கண்ணுக்கே திரும்பி வந்தது. கால் செருப்பு தெரியவில்லை. அணைத்த பிறகு அதைவிட நன்றாகத் தெரிந்தது. தண்ணீர்த் தொட்டிக் காக்காவைப் பார்க்க எங்கள் ஊழியர்கள் யாரும் போவதில்லை. அவர்களுக்குக் கால் வைக்கிற இடம் தெரிய வேண்டும்.

சுவிட்சை அமுக்கியதும் முதலில் வருவதே உச்ச வெளிச்சம். கேட்டில் காவலுக்கு நிற்கிற எங்கள் காலனி சௌக்கிதார் கண்ணைப் பொத்திக்கொண்டு, மேடம்ஜி போலீஸில் சேர்ந்துவிட்டாரா என்று கேட்டார். கம்பளிக் கையுறையோடு சுவிட்சைத் தேடினால் அகப்படவில்லை. கரண்ட் போன நேரத்தில் சமையல் மேடையில் வைத்தேன், உருண்டு போய் ஃபிரிட்ஜுக்கு அடியில் விழுந்து அங்கிருந்து எனக்குச் சுவரைக் காட்டியது.

நல்லதும் இருக்கிறது. அதைச் சொல்ல உங்களுக்கு ஊரே இருக்கிறது, நான் எதற்கு?

நல்லாருக்கா, இல்லையா என்று கேட்டீர்கள். இன்னும் இல்லை.

சாந்தா


கணபதி
5 பிப்ரவரி 2024

சாந்தாவுக்கு,

கைக்குட்டை கிடைத்தது. பட்டறையில் லேத்துக்கு நேராகச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் இது என்ன என்று கேட்கிறார்கள். என் தங்கச்சி கொடுத்த சர்ட்டிபிகேட் என்கிறேன்.

உன்மேல் கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. ஆனால் கை சுட்டிருக்குமோ என்று ஒரு நாள் முழுக்க வேலை ஓடவில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். கை சுட்டதா?

பை சரி. சுவிட்சு சரி. உருளுவதும் சரி, ஒரு பக்கம் தட்டையாகச் சீவினால் போதும். பனிக் கதையை மட்டும் நான் நம்பமாட்டேன். வெளிச்சம் போய்த் திரும்பி வருமாம். நான் ஊட்டி பார்க்காதவனா? அங்கே இதைவிட மட்டமான டார்ச்சை அடித்துப் பாதை பார்த்திருக்கிறேன். தில்லிப் பனி மட்டும் மேலே இருந்து தனியாக இறங்குகிறதா?

அந்தோணி வந்திருந்தான். கம்பெனியில் சூப்பர்வைசர் இடம் காலியாக இருக்கிறது, வாங்கண்ணே என்றான். மரியாதையாகத்தான் கூப்பிட்டான். ஒரு வருஷம் பொறு என்று சொல்லி அனுப்பினேன். அவன் போன பிறகு உன் அண்ணி பவுனுவிடம் உன் கடைசி வரியைக் காட்டி, பார்த்தாயா, கூடப் பிறந்தவள் எழுதுகிற லட்சணத்தை என்றேன். அவள், "இன்னும் இல்லைன்னுதானே எழுதியிருக்கு. அந்தப் புள்ள சும்மா எழுதாது. போய் வேலையைப் பாருங்க" என்றாள்.

பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நல்லசிவம்


லோதி ரோடு
30 செப்டம்பர் 2024

அண்ணாவுக்கு,

கை சுடவில்லை என்று அப்போதே அண்ணியிடம் போனில் சொல்லிவிட்டேன். நீங்கள் குளித்துக்கொண்டிருந்தீர்கள்.

டார்ச்சுக்கு மறுபடி டெண்டர் வந்திருக்கிறது. போன தடவை எழுதிக் கொடுத்ததெல்லாம் அறிவிப்பில் எல்லாருக்கும் தெரியும்படி போட்டிருக்கிறார்கள். பை, கையுறை, பனி எல்லாம் இருக்கிறது. உங்கள் கம்பெனி பெயரையும் பார்த்தேன். உடனே எழுதிக் கொடுத்து ஒதுங்கிவிட்டேன். கல்யாணராமன் சார், "உங்க அண்ணா இந்தத் தடவை போன் பண்ணலையே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

நீங்கள் அனுப்பிய பார்சல் நேற்று வந்தது. தூக்கிப் பார்த்தாலே உள்ளே என்ன என்று தெரிகிறது. பிரிக்கவில்லை. அப்படியே திருப்பி அனுப்புகிறேன். ஸ்நேஹா என்னை மனுஷியே இல்லை என்கிறாள். நீங்களும் அதையே சொல்வீர்கள். சொல்லுங்கள்.

இனி முடிவு தெரியும்வரை கடிதம் வேண்டாம். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

சாந்தா


சாணக்யபுரி, புது தில்லி
11 ஜனவரி 2025

அம்மிணி சாந்தாவுக்கு,

கடிதம் வேண்டாம் என்றாய். இதை நான் ரயில் ஏறுகிற அன்று தபாலில் போடுகிறேன். சோதனை எல்லாம் முடிந்துவிட்டது, இனி நீயோ நானோ எதையும் கெடுக்க முடியாது.

விற்கிறவர்கள் நேரில் வந்து காட்ட வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். தெரிந்தவர் ஒருவர் நம் ஊர் அரசாங்க விருந்தினர் விடுதியில் இடம் பிடித்துக் கொடுத்தார். முந்தாநாள் காலையில் கேட்டுக்கு வெளியே வந்து பார்த்தேன். ரோடு இல்லை. எதிர்ச் சுவர் இல்லை. ஊரையே காணோம். பழைய டார்ச்சும் புது டார்ச்சும் இரண்டு பையிலும் இருந்தன. பழையதை அடித்தேன். நீ சொன்ன வெள்ளைத் துணி அப்படியே வந்து தொங்கியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மிணி, நீ எழுதியது நிஜம். ஊட்டியைப் பற்றி நான் எழுதியது வீம்பு.

ஆனால் வீம்பாக எழுதிவிட்டு நீ சொன்னபடிதான் செய்திருந்தேன். மனசு நம்பாவிட்டாலும் உன் வார்த்தையைத் தள்ளி ஒரு வேலை செய்ய எனக்கு வராது. புதியதில் முதல் அமுக்கலுக்கு மஞ்சளாக, மெதுவாக, அகலமாக ஒரு வெளிச்சம் வரும். உச்ச வெளிச்சம் வேண்டுமென்றால் அமுக்கிப் பிடிக்க வேண்டும். அதை இடுப்பளவில் பிடித்து அடித்தேன். கால் தெரிந்தது. காலுக்கு முன்னால் தரை தெரிந்தது, நடைபாதை விளிம்பு தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மூலை டீக்கடை வரை போய் டீ குடித்துவிட்டு வந்தேன். டீக்கடைக்காரர் அதை வாங்கிப் பார்த்து "அச்சா ஹை", நல்லாருக்கு என்றார். அவர் சொன்னதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

உங்கள் ஆபீஸில் கூப்பிட்டுக் கேட்டதற்குப் பதில் சொன்னேன். நீ எந்த அறையில் இருப்பாய் என்று நான் யாரையும் கேட்கவில்லை. வெளியே வந்ததும் அங்கிருந்து உன் காலனி நடக்கிற தூரம் என்றார்கள். கால் தானாகப் போய்விட்டது. இந்த வீட்டுக்கு நீங்கள் மாறிய பிறகு நான் வந்ததே இல்லையே. இரண்டாம் மாடியில் ஆடிக்கு நான் எடுத்துக் கொடுத்த பச்சைச் சீலை காய்ந்துகொண்டிருந்தது. அதை வைத்துத்தான் உன் வீடு என்று தெரிந்துகொண்டேன். கேட்டில் நின்றேன். உன் சௌக்கிதார் யார் வேண்டும் என்று கேட்டார். யாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

டெண்டர் நடக்கிறபோது விற்கிறவன் உன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டான் என்று ஒருத்தர் சொல்லக் கூடாது. பவுனு உனக்கென்று முறுக்கு கட்டிக் கொடுத்திருந்தாள். சௌக்கிதாரிடம் கொடுத்துவிட்டுப் போகலாமா என்று பார்த்தேன். முறுக்கையும் நீ திருப்பி அனுப்புவாய் என்று தோன்றியது. கோயமுத்தூருக்கே கொண்டுபோகிறேன்.

இதைப் படித்துவிட்டு நீ வருத்தப்படுவாய். படு. போன வருஷம் நான் பட்டேன்.

நல்லசிவம்


லோதி ரோடு
21 டிசம்பர் 2025

அண்ணாவுக்கு,

பனி வந்துவிட்டது.

பிப்ரவரியில் ஆர்டர் உங்களுக்கு என்று முடிவான அன்று நீங்களே போனை எடுத்தீர்கள், முதல் மணியிலேயே. நான் வாழ்த்துச் சொன்னேன். நீங்கள் அதைக் காதில் வாங்காமல், "அதிருக்கட்டும், நல்லாருக்கா இல்லையா?" என்றீர்கள். கையில் வாங்கிப் பார்க்காமல் எப்படிச் சொல்வது, பனியும் வரட்டும் என்றேன். நீங்கள் டொக்கென்று வைத்துவிட்டீர்கள். ஆடிக்கு வந்தபோது நீட்டியதையும் நான் வாங்கவில்லை. உங்கள் பில் எங்கள் ஆபீஸில் பாஸாகாமல் இருந்தது. சீலையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். அண்ணிகூட அன்று என்னிடம் சரியாகப் பேசவில்லை.

இப்போது பில் பாஸாகிவிட்டது. டார்ச் எல்லாருக்கும் கொடுத்தாகிவிட்டது. எனக்கும் உங்களுக்கும் நடுவில் ஆபீஸ் இல்லை.

கள ஊழியர்களில் ஜ்யோத்ஸ்னா என்று ஒரு பெண். கிணற்றுக்குள் நாடா இறக்கி அளக்கிறவள். யாரிடமும் எதையும் லேசில் பாராட்டிப் பேச மாட்டாள், அதனால் எனக்குப் பிடிக்கும். அவளிடம் ஒரு வாரத்துக்கு உங்கள் டார்ச்சைக் கடன் கேட்டேன். இரண்டாம் நாளே வந்து, "சாந்தாஜி, ஜல்தி முடிச்சிட்டுத் திருப்பிக் கொடுங்க, அது இல்லாம பை காலியா இருக்கு" என்றாள். கெஞ்சி இன்னும் ஐந்து நாள் வைத்துக்கொண்டேன்.

சாவிக்கொத்தோடு பையில் போட்டு புசா ரோடு பஸ்ஸில் போய் வந்தேன். எரியவில்லை. வேண்டுமென்றே சாவியை அதன் மேல் வைத்து அழுத்தினேன். சுவிட்சு உள்ளே பதுங்கியிருக்கிறது, சாவிக்கு எட்டவில்லை. கம்பளிக் கையுறையோடு தடவினேன், தட்டைப் பக்கம் கட்டை விரலுக்கு வந்தது, அங்கிருந்து சுவிட்சு தெரிந்தது. சமையல் மேடையில் வைத்தேன், வைத்த இடத்தில் இருந்தது. சௌக்கிதார் கண்ணைப் பொத்தவில்லை. இன்று காலை பனியில் பால் வாங்கிக்கொண்டு, எரியாத கம்பத்துச் சந்து வழியாகத் திரும்பி வந்தேன். அந்த மஞ்சள் வெளிச்சம் என் காலுக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு வருஷமாக அந்தச் சந்தில் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறேன். இன்று தடவவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வாரம் கல்யாணராமன் சாரின் பிரிவு உபசாரம். டீ குடிக்கும்போது என்னைக் கூப்பிட்டு, நீங்கள் நேரில் வந்த அன்று நடந்ததைச் சொன்னார். இந்த ஆபீஸில் உங்களுக்கு உறவினர் யாராவது உண்டா என்று வழக்கப்படி கேட்டாராம். நீங்கள் எழுந்து நின்று, "இருக்காங்க சார், என் தங்கச்சி. அவங்களை மட்டும் கமிட்டியில போட்டுறாதீங்க, என் டார்ச் தேறாது" என்றீர்களாம். மூன்று பேரும் சிரித்துவிட்டார்களாம். சார் சொல்லி முடித்ததும் ஜெயராம், "மேடம், அது உங்க அண்ணாதானே?" என்று எல்லாரும் கேட்கும்படி கேட்டார். ஆமாம், கூடப் பிறந்தவர் என்றேன். அந்த ஆபீஸில் அதை நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அங்கே எனக்கு இரண்டு பதவி உயர்வு வந்திருக்கிறது. இந்தப் பெருமை அவற்றில் வரவில்லை, அண்ணா.

நீங்கள் கேட்டில் நின்று திரும்பிப் போனதை நினைத்து நான் வருத்தப்பட்டேன். படு என்று எழுதியிருந்தீர்கள், பட்டேன். கணக்கு தீர்ந்தது. பொங்கலுக்கு அண்ணியோடு வாருங்கள். முறுக்கு கொண்டு வாருங்கள். ஜ்யோத்ஸ்னாவுடையதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், என் பையும் இப்போது காலியாக இருக்கிறது. எனக்கு ஒன்று வேண்டும். பார்சலில் வேண்டாம், கையில் கொடுங்கள்.

கிளிப் கொஞ்சம் இறுக்கம். சீலை நூலை இழுக்கிறது. அதைப் பாருங்கள்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் உங்களால் பட்டறைச் சுவரில் மாட்ட முடியாது. கைக்குட்டையைக் கழற்றிவிடாதீர்கள், அதற்குப் பக்கத்தில் அடியுங்கள்.

நன்றாக இருக்கிறது.

உங்கள் தங்கை,
சாந்தகுமாரி